இம்பெல்லரைக் கழற்றி வைக்கும் காலம்

திருச்சி மன்னார்புரத்தில் குடியிருப்பவனுக்கு டீசல் எஞ்சின் புதிதல்ல. நள்ளிரவிலும் ஆம்னி பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கிற இடம். நாகப்பட்டினத்து விசைப்படகுகள் பலவற்றிலும் லேலண்ட் எஞ்சின்தான் என்று தெரிந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. பஸ்ஸுக்கு முன்னால் ரேடியேட்டர் இருக்கிறது, காற்று அடிக்கிறது. படகின் அடியறையில் கிடக்கும் எஞ்சினுக்கு எது சூட்டைத் தணிக்கிறது?

பார்க்கத் தோதான சமயம் மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001இல் 45 நாளாகத் தொடங்கி, 2017இல் நீண்டது. கடலுக்கு ஓய்வு. மெக்கானிக்குகளுக்கோ அப்போதுதான் மூச்சுவிட நேரமிருக்காது.

நாகப்பட்டினத்து அக்கரைப்பேட்டையில் ஒரு படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். நிமிர்ந்து நிற்க முடியாது. ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக் குந்தியபடியே பம்பின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வெண்கல உடலுக்குள் ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர். சுழலும்போது இதழ்கள் மடங்கி விரியும். அந்த அசைவில் கடல்நீர் உறிஞ்சப்பட்டு கூலருக்குப் போகும். அங்கே கடல்நீர் ஒரு பக்கம், எஞ்சினைச் சுற்றிவரும் கூலன்ட் இன்னொரு பக்கம். இரண்டும் கலப்பதில்லை, சூடு மட்டும் கைமாறுகிறது. சூடேறிய கடல்நீர் படகின் பக்கவாட்டில் கொட்டிவிடும். அந்தத் தாரை மெலிந்தால் டிரைவர் உடனே எஞ்சினைக் குறைப்பார். ரப்பருக்கு வழவழப்புத் தருவதே தண்ணீர்தான். உறிஞ்சு குழாயில் பாலிதீன் அடைத்துக்கொண்டு பம்பு வறண்டு ஓடினால், சற்று நேரத்திலேயே இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும்.

“ரெண்டு மாசம் கட்டிப்போடுற படகுக்கு இம்பெல்லரக் கழட்டி வச்சிரணும் சார். மடங்குன இதழு மடங்குனபடியே நின்னு போவும்” என்றார். அதற்கு முன் நல்ல தண்ணீரை ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். உப்பு காய்ந்து படிந்தால் சீலின் முகத்தை அறுக்கும். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்த பையனை நடுவில் அதட்டினார்: “டேய், அளவா வையி. அமுக்கி அமுக்கி வச்சா சீலு வெளிய வந்துரும்.” ரப்பரில் அந்தக் கிரீஸைத் தொடவே விடவில்லை. அதற்குக் கிளிசரின் வைத்திருந்தார்.

பம்பின் அடிவயிற்றில் ஒரு சிறு ஓட்டையைத் தொட்டுக் காட்டினார். தண்ணீர் சீலுக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் அது இருக்கிறது. தண்ணீர் சொட்டினால் ஒரு சீல் போயிற்று, ஆயில் கசிந்தால் இன்னொன்று. இதைவிட மலிவான எச்சரிக்கைக் கருவி எஞ்சினில் இருக்க முடியாது என்று எனக்குப் பட்டது. ஆனால் பக்கத்துப் படகில் அதைப் பிசின் வைத்து அடைத்திருந்தார்கள், சொட்டு நிற்கட்டுமென்று! போக்கிடம் இல்லாத கடல்நீர் பேரிங்கைத் தின்றுவிட்டு எஞ்சின் ஆயிலுக்குள்ளும் இறங்கியிருந்தது. அளவுக்கம்பியை உருவினால் ஆயில் மோர்போல வெளுத்து வந்தது.

கூலன்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் அதிகம். இங்கே தண்ணீர் உறைகிற குளிர் இல்லையே, எதற்குக் கூலன்ட் என்று கேட்கிறவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான்; துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நம் ஊருக்கும் வேண்டியவை. கடலோர நிலத்தடி நீரை ஊற்றினால் உள்ளே உப்பும் சுண்ணாம்பும் படியும். கடலிலிருந்து காப்பாற்றிய எஞ்சினை உள்ளிருந்தே அரிக்க விடுவது என்ன சிக்கனம்?

மெக்கானிக் பேட்டரித் தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி வேண்டும் என்றார். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“மொதலாளி ஒரு கேன்தான் குடுத்தாரு அண்ணே.”

“அப்ப இன்னொரு கேன் வர்ற வரைக்கும் மூடிய மூட மாட்டேன். அதுல கொழாத் தண்ணிய ஊத்தி எம்பேர கெடுக்காத.”

கூலி பற்றிக் கேட்டேன். பாதி இப்போது, மீதி தடைக்காலம் முடிந்து முதல் மீன் விற்ற பிறகு என்றார். பையனுக்கு மட்டும் தினக்கூலி, அன்றன்றைக்கே.