கைக்கெட்டும் விலையில் ஒரு விளையாட்டுக் கணினி

கணினி வாங்கப் புறப்படுகிறவர்கள் பெட்டியின் விலையைக் கேட்கிறார்கள்; அதனை இயக்கும் முறைமையின் விலையைக் கேட்பவர் மிகச் சிலர். நம் நாட்டுப் பாடநூல்கள் 'பணிசெயல் முறைமை' என்றும், தமிழகத்துப் பாடநூல்கள் 'இயக்க அமைப்பு' என்றும் வழங்கும் அப்பொருள், இடியப்பத்துக்குச் சம்பல் போலக் கேளாமலே கூட வருவது என்பது நம்மவர் எண்ணம். விளையாட்டுக்கென்று கணினி வாங்குவோர், அதிலும் கையிற் காசு அளவாக உள்ளோர், இவ்வெண்ணத்தைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நல்லது.

நமது புதல்வன் க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையை எழுதி முடித்ததும் அத்தகைய கணினி ஒன்று கேட்டான். நாம் ஒதுக்கக்கூடியதாயிருந்தது 70,000 ரூபா. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய நாள் முதல், புத்தம்புதிய விளையாட்டுக் கணினி என்பது ஆசிரியர் வீட்டுப் பேச்சாக இல்லை. ஆகவே கண்டி நகரத்துக் கடைகளில் நாம் தேடியது, எங்கோ ஓர் அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து இங்கு வந்து சேரும் பழைய பெட்டிகளுள் ஒன்றை. கிடைத்தது நான்காந் தலைமுறை இன்டெல் கோர் ஐ5. 2014ஆம் ஆண்டுச் செயலி. நினைவகம் 8 ஜிபி.

இதற்கு ஒரு வரைகலை அட்டை சேர்த்தால் மிதமான விளையாட்டுகளுக்குப் போதும். அட்டையைத் தெரிவதில் ஒரு சூட்சுமம் உண்டு. அலுவலகப் பெட்டியின் மின்வழங்கி சிறியது. 185 வாற்று கேட்கும் ஆர்எக்ஸ் 580 அட்டையை அது தாங்காது. 50 வாற்றோடு அமையும் ஆர்எக்ஸ் 550 பொருந்தும். இதைக் கண்டுபிடித்தவன் பையன்தான். பௌதிகப் பாடத்தில் இத்துணைக் கவனம் அவனிடம் நாம் கண்டதில்லை.

எல்லாஞ் சேர்ந்து பணத்துக்குள் அடங்கிற்று. "விண்டோஸ் போட்டுத் தருவோம் சேர், அதுக்குக் காசில்லை" என்றார் கடைக்காரர். எந்த விண்டோஸ் என்று கேட்டோம். "பத்து. பதினொன்று வேணுமெண்டாலும் போடலாம்."

இவ்விரு எண்களையும்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் நிறுவனம் வழங்கிவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விரும்பிப் பதிந்துகொள்ளும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் கிடைக்கும் என்று ஒரு தவணை கொடுத்தார்கள். 2021 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11ஓ, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெல்லாயின் பொதுவாக எட்டாந் தலைமுறை முதலான செயலியையும் கேட்கிறது. நமது பெட்டி நான்கு தலைமுறை வெளியே நிற்கிறது. தந்திரஞ் செய்து உள்ளே புகுத்துவாரும் உளர். அங்ஙனம் புகுத்தியவர்க்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று அந்நிறுவனம் உறுதி சொல்வதில்லை. இனி விலை. விண்டோஸ் 11 வீட்டுப் பதிப்பின் உரிமம் அமெரிக்காவில் 139 டொலர். டொலருக்கு 300 ரூபா என்று வைத்தாலும் 41,700 ரூபா. 70,000 ரூபாப் பெட்டிக்கு 41,700 ரூபாவில் ஒரு சாவி!

ஆகவே 'காசில்லை' என்பதன் பொருள் வேறு. உரிமம் பெறாத பிரதியைப் போட்டு, பூட்டுடைக்கும் நிரலொன்றால் அதற்கு உயிர் கொடுப்பார்கள். அந்நிரல் ஓடுவதற்கு வைரஸ் காவலை முதலில் அணைக்கச் சொல்வார்கள். கள்ளனுக்குக் கதவு திறக்க நாயைக் கட்டிப்போடுவது போல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூலைக் காப்பதுபோலவே கணினி நிரலையும் காக்கிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். பார்த்தெழுதிய ஒப்படையை மாணவனிடம் திருப்பிக் கொடுக்கும் நாம், வீட்டில் இதற்குத் தலையசைப்பது எங்ஙனம்? பையன் வாதாடினான். "கண்டியில் யாரப்பா காசு குடுத்து விண்டோஸ் வாங்குகினம்? எல்லாரும் இப்படித்தானே!" எல்லாரும் என்ற சொல்லுக்குக் கல்லூரியில் நாளாந்தம் நாம் பதில் சொல்லி வருகிறோம். வீட்டில் அது கடினமாயிருந்தது. அவன் சொன்னதை மறுக்க நம்மிடம் அயலவர் ஒருவரது உதாரணமுங் கூட இல்லை.

எஞ்சியிருந்தது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வல்ட்ஸ் தொடங்கிய கருவை, உலகெங்குமுள்ளோர் கூடி வளர்த்தனர். அதன் நிரல்வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம். நமக்கு இது தூரத்துச் சரக்குமன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரால் 'ஹந்தானை லினக்ஸ்' என்றொன்று, ஃபெடோராவை அடியாகக்கொண்டு, நம் நாட்டவரால் வெளியிடப்பட்டு வந்தது. கல்விக்கான நிரல்கள் பல அதில் இருந்தன; பின்னர் நின்றுபோயிற்று. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்வதற்கு இலங்கையர் எழுதிய 'சஹானா'வும் இந்தத் திறந்த மரபிற் பிறந்ததே. நாம் தெரிந்தது லினக்ஸ் மின்ட். 2024இல் வந்த அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. பழைய பெட்டியென்று அது முகஞ்சுளிப்பதில்லை.

விளையாட்டுகள் பெரும்பாலும் விண்டோஸுக்கென்று எழுதப்படுபவை. அவை லினக்ஸில் ஓடுவது எவ்வாறு? ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு முதலியார் ஒருவர் இருப்பார்; சாட்சி தமிழிலோ சிங்களத்திலோ சொல்வதை உடனுக்குடன் நீதிபதிக்கு ஆங்கிலத்திற் சொல்வார். 1993இல் தொடங்கிய 'வைன்' என்னும் நிரல் அத்தகைய முதலியார். விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதை அது லினக்ஸுக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்கிறது. வால்வ் நிறுவனம் 2018இல் இதனை அடியாகக்கொண்டு 'புரோட்டன்' என்பதை வெளியிட்டது. 2022 பெப்ரவரியில் அந்நிறுவனம் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் என்னும் கைக்கணினி ஓடுவதும் லினக்ஸில்தான். தன் சரக்கு விலைபோக வேண்டுமென்று ஒரு வணிக நிறுவனம் பட்ட பாடு, நம் வீட்டு மேசைக்கு இலவசமாக வந்து சேர்ந்தது. டோட்டா 2 போன்ற சிலவற்றுக்கு முதலியாரே வேண்டாம். அவை லினக்ஸுக்கெனத் தனிப்பதிப்பு உடையன. ஏஎம்டி அட்டையின் இயக்கி நிரல் லினக்ஸின் கருவோடே வருவதால், செருகிய அன்றே நமது ஆர்எக்ஸ் 550 வேலை செய்தது. என்விடியா அட்டை வைத்திருப்போர் அந்நிறுவனத்தின் இயக்கியைத் தனியே நிறுவிக்கொள்வர். அதுவும் பெரிய வித்தையன்று.

ஆனால் சில விளையாட்டுகளின் வாயிலிற் காவலர் உளர். ஏமாற்றி ஆடுவோரைப் பிடிப்பதற்காக முறைமையின் கருவரை இறங்கி நோட்டமிடுவோர் அவர்கள். முதலியாரைக் கண்டால் அவரையே கள்ளனென்று விரட்டுவார்கள். வலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி ஆகியவற்றை லினக்ஸில் நிறுவி ஆட வழியில்லை. ஜிடிஏ 5இன் கதைப்பகுதி ஓடும். பலர் கூடி ஆடும் பகுதி 2024 செப்டெம்பரில் புதிய காவல் வைத்தபின் அடைபட்டது.

நம் பையனுக்கு வேண்டியிருந்தது வலோரன்ட். வகுப்பில் அவனோடு ஒரே வாங்கிலிருந்த மூவரும் பரீட்சையின் பின் திசைக்கொருவராகிவிட்டார்கள். ஒருவன் கட்டுகஸ்தோட்டை, ஒருவன் திகன, ஒருவன் கம்பளை. சனிக்கிழமை இரவு அவர்கள் கூடுமிடம் அவ்விளையாட்டு ஒன்றே. "விளையாட்டு இல்லாட்டிப் பரவாயில்லை அப்பா, அவங்கள் இல்லாமற் போயிடுவாங்கள்" என்றான். அதற்கு நாம் ஒன்றுஞ் சொல்லவில்லை. கொள்கையைப் பேசுவது நாம். அதற்கு விலை கட்டுவது அவன். இது நியாயந்தானா என்று அன்றிரவு நெடுநேரம் வீட்டில் பேச்சு நடந்தது. இல்லாள் பையன் பக்கம்.

முடிவில், உரிமமில்லாத பிரதி ஒன்று மட்டும் கூடாது, மற்றது எதுவாயினும் அவன் தெரிவு என்று விட்டோம். எட்டாந் தலைமுறைப் பெட்டியும் உரிமமும் வாங்கப் பணஞ் சேரும்வரை காத்திருக்கலாம். அதற்கு ஒரு வருடமேனும் செல்லும். அல்லது இப்போதே லினக்ஸ். லினக்ஸைப் பெட்டியில் நிறுவாமலே சிறிய யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலர் அறியாத வசதி. அவன் இரண்டு இரவு அப்படி ஓட்டிப் பார்த்தான். தாளில் ஏதோ கணக்கெழுதினான். கூட்டலா கழித்தலா என்று நாம் எட்டிப்பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மின்ட்டை நிறுவிவிட்டான்.

அந்தக் கணினியில் இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைப்பது நமக்கு வாய்த்த தனிலாபம். பகலில் வினாத்தாள் தயாரிக்க அதனை இரவல் கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம்.

கட்டுகஸ்தோட்டையும் திகனவும் சில வாரங்களில் டோட்டா 2க்கு இணங்கிவிட்டன. ஒரு சனிக்கிழமை அது, மறு சனிக்கிழமை அவர்களுக்கு வலோரன்ட், இவனுக்கு ஓய்வு என்று ஒப்பந்தம். கம்பளைப் பையன் மட்டும் அசையவில்லை; டோட்டா ஆட்டம் முடிவதற்குள் விடிந்துவிடுமாம். ஆகவே போயா தினங்களில் நம்மவன் பஸ்ஸேறிக் கம்பளைக்குப் போகிறான். அங்கே ஒரே கணினியில் இருவரும் மாறிமாறி வலோரன்ட் ஆடுகிறார்கள். சென்ற போயாவுக்கு அந்தப் பையனின் தாயார் பொலொஸ் கறி கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்.