மலையேறிய கார்

கலைப்பீட மாணவனொருவன் பந்தயக் காரொன்றைப் பற்றி எழுதப் புகுவது நண்பர் சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். ஆயினும், பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய நூலிலே அதன் படத்தைக் கண்ட நாள்தொட்டு அக்கார் என் மனத்தை விட்டு அகலவில்லை.

ஐரோப்பாவில் மலையேற்றப் பந்தயம் என ஒன்றுண்டு. கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு மலைப்பாதையில் ஏறும்; குறைந்த நேரத்தில் மேலெல்லையை அடைவது வெல்லும். இதற்கெனவே ஜேர்மனியின் போர்ஷே நிறுவனம் 1968இல் ஆக்கியது 909 பேர்க்ஸ்பைடர். 2 லீற்றர் எஞ்சின், 275 குதிரைவலு. எடையோ ஏறத்தாழ 384 கிலோகிராம்.

எரிபொருட் பம்பியையே நீக்கிவிட்டனர். டைட்டேனியத்தாலான உருண்டைத் தாங்கியொன்றிலிருந்து வாயு அமுக்கமே பெற்றோலைத் தள்ளியது. தாங்கியின் கொள்ளளவு சுமார் 15 லீற்றர். உருக்குப் பாகம் எங்கேனும் மிஞ்சியுள்ளதோ எனக் காந்தத்தைக் கொண்டு தேடினர் என்றொரு கதையும் உண்டு. பாரத்தை நடுவே குவிப்பதற்காகக் கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கும் பின்னச்சுக்கும் இடையில் வைத்தனர். எஞ்சின் முன்னே நகர, சாரதியும் முன்னே நகர்ந்தார். அவருடைய பாதங்கள் முன்னச்சுக்கும் அப்பால் நீண்டிருந்தன.

அக்கார் இரு பந்தயங்களில் மட்டுமே ஓடியது. ஒஸ்திரியாவின் கைஸ்பேர்க்கில் மூன்றாமிடம். பிரான்சின் மொன் வொந்துவில் இரண்டாமிடம். ஆயினும் அதன் அமைப்பு வீண்போகவில்லை. அதனைத் தழுவி எழுந்த 908/03, 1970இல் சிசிலியின் 72 கிலோமீற்றர் மலைச்சுற்றில் நடைபெற்ற தார்கா புளோரியோவை வென்றது. அதற்கிடையில், 1968 ஜூனில், இத்தாலியரான லுடொவிக்கோ ஸ்கார்ஃபியொட்டி றொஸ்ஃபெல்ட் மலைப்பாதையில் ஒத்திகையின்போது இறந்துபோனார். அவர் ஓட்டியது முந்திய வகையான 910.

நூலின் இப்பக்கங்களை விடுமுறையில் என் தந்தையாருக்குக் காட்டினேன். றம்பொடைப் பாதையில் முப்பது ஆண்டுகள் தேயிலை லொறி ஓட்டியவர் அவர். மழைநாளொன்றில், இறக்கத்தில் பிறேக் பிடிக்காமற்போக, லொறியை மண்மேட்டில் மோதி நிறுத்தினார். நசுங்கிய முன்பாகத்து இரும்பு அவருடைய முழங்காலோடு நின்றது. இன்றும் சற்றே சாய்ந்துதான் நடக்கிறார்.

“இதுல ஓட்டுறவனுக்குக் கால் எங்க இருக்கும்?” என்று கேட்டார். விரலால் காட்டினேன். தம் முழங்காலின் மேல் கையை வைத்தவாறு நெடுநேரம் பேசாதிருந்தார்.

எடையைக் குறைப்பதனை அறிவின் வெற்றியாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். கழிக்கப்பட்ட எடையில் சாரதிக்கு உரிய பங்கும் உண்டென்பது எனக்குத் தோன்றவேயில்லை. இருப்பினும் ஒன்றை மறைப்பானேன்? அக்கார் இன்றும் என் கண்ணுக்கு அழகாகவே இருக்கிறது.

நூலை மூடுமுன் அவர் மீண்டும் கேட்டார்: “ஏறுறது சரி. எறங்குறது எப்படி?”

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏறிய நேரங்கள் மட்டுமே அங்கு தரப்பட்டிருந்தன.