மாறாதவை என்று நாம் நம்பிய புரதங்கள்

"ரைபோசோம் புரதத்துக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு?" திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையில், ஏர்பேட்டில் ஆய்வு மாணவியாக இருக்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களின் ஐயம் நியாயமானது. பாடநூல்களில் ரைபோசோம் ஓர் அத்தியாயம். புற்றுநோய் வேறோர் அத்தியாயம். இரண்டுக்கும் நடுவே கதவு இருப்பதாக நமக்கு யாரும் சொல்வதில்லை. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரைபோசோம் தமிழ் மாணவர்களுக்குப் புதிய பெயரன்று. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றது அதன் அமைப்பை அணு அளவில் கண்டறிந்தமைக்காகவே. மனித ரைபோசோமில் நான்கு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் ஏறத்தாழ 80 புரதங்களும் உள்ளன. அமினோ அமிலங்களைக் கோக்கும் வேதிவினையை நிகழ்த்துவது ஆர்.என்.ஏ.தான் என்று தெளிவானபின், அந்த 80 புரதங்களும் கட்டடத்தைத் தாங்கும் சாரம் போன்றவை என்ற எண்ணம் வலுப்பட்டது.

அந்த எண்ணம் நம் ஆய்வகப் பழக்கங்களிலும் படிந்திருக்கிறது. ஒரு மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று பி.சி.ஆர். முறையில் அளக்கும்போது, 'மாறாத' ஒரு மரபணுவை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். அப்படிப் பலரும் தேர்ந்தெடுப்பவற்றுள் ஆர்பிஎல்பி0, ஆர்பிஎல்13ஏ ஆகிய ரைபோசோம் புரத மரபணுக்களும் உண்டு. ஆனால் எஸ்3 என்னும் ரைபோசோம் புரதத்தின் மரபணு பெருங்குடல் கட்டிகளில் மிகுந்து வெளிப்படுகிறது என்ற ஆய்வு 1991லேயே வந்துவிட்டது. மறு ஆண்டில் பி0 மரபணுவும் அவ்வாறே மிகுகிறது என்று வேறொரு குழு எழுதியது. நாம் அளவுகோலாகப் பிடித்திருந்த பொருளே கட்டிக்குள் நீண்டுவிடுகிறது!

ஏன் மிகுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் எளிது. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கில் ஏபிசி என்னும் மரபணு பழுதடைந்திருக்கும். அது பழுதடைந்தால் பீட்டா கேட்டனின் தளர்கட்டுப்பாட்டில் 'மிக்' என்னும் மரபணு தூண்டப்படும் என்று 1998இல் காட்டப்பட்டது. ரைபோசோம் உற்பத்தியை முடுக்கிவிடுவது மிக்கின் முதன்மையான வேலைகளுள் ஒன்று. விரைந்து பெருகும் செல்லுக்குப் புரதம் வேண்டும். புரதத்துக்கு ரைபோசோம் வேண்டும். இந்த அளவில் பார்த்தால் ரைபோசோம் புரதங்களின் மிகுதி நோயின் விளைவே, காரணமன்று. இங்கேயே நின்றுவிட்டால் என் ஆய்வுக்கு வேலையில்லை.

நிற்கவிடாத சான்றுகள் மூன்று. 2004இல், பல நூறு வரிக்குதிரை மீன் வழிகளைச் சோதித்த ஆய்வாளர்கள், புற்று அதிகம் தோன்றும் 12 வழிகளைக் கண்டார்கள். அவற்றுள் 11இல் பழுதடைந்திருந்தது ஒவ்வொரு ரைபோசோம் புரத மரபணு. இரண்டாவது, டைமண்ட்-பிளாக்ஃபான் இரத்தசோகை. ரைபோசோம் புரதக் குறைபாட்டால் குழந்தைப் பருவத்திலேயே வரும் நோய் இது. இந்நோயாளிகளுக்குப் பிற்காலத்தில் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட மிகக் கூடுதல். மூன்றாவது, பரம்பரையாகப் பெருங்குடல் புற்று வந்த ஒரு ஃபின்லாந்துக் குடும்பத்தில், ஆர்பிஎஸ்20 என்னும் ரைபோசோம் புரத மரபணுவின் பிறவிப் பழுது 2014இல் கண்டறியப்பட்டது.

இம்மூன்றும் குறைபாட்டின் கதைகள் என்பதைக் கவனியுங்கள். கட்டியில் இப்புரதங்கள் மிகுகின்றன. ஆனால் அவற்றுள் ஒன்று பிறவியிலேயே குறைந்தாலும் கட்டி தோன்றுகிறது. இந்த முரண்தான் என்னை இத்துறைக்கு இழுத்தது.

முரணை அவிழ்க்கும் நூல்முனை ஒன்று தெரியும். ரைபோசோம் கட்டுமானம் தடைபட்டால் ஆர்பிஎல்5, ஆர்பிஎல்11 ஆகிய புரதங்கள் சேர இடமின்றி, 5எஸ் ஆர்.என்.ஏ.வோடு கூடி எம்டிஎம்2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. எம்டிஎம்2வின் வழக்கமான வேலை பி53ஐ அழிப்பது. அது முடக்கப்பட்டதும் பி53 பெருகிச் செல்லின் பெருக்கத்தை நிறுத்துகிறது. சாரம் என்று எண்ணிய புரதம் இங்கே காவலாகிறது. காவல் நெடுங்காலம் இடைவிடாது அழுத்தினால், அதற்குப் பணியாத செல்களே எஞ்சிப் பெருகக்கூடும் என்பது ஒரு கருதுகோள். அதைச் சோதிப்பதுதான் எங்கள் அன்றாட வேலை: பி53 உள்ள பெருங்குடல் புற்றுச் செல்களையும் அது நீக்கப்பட்ட அவற்றின் இணையையும் அருகருகே வளர்த்து, ஒரே தடைக்கு இரண்டும் எப்படி எதிர்வினை புரிகின்றன என்று பார்ப்பது.

இதை எழுதும்போது என் பெரியப்பாவை விட்டுவிட முடியாது. ஆரணியில் பட்டுத்தறி நெசவாளர். மலத்தில் இரத்தம் போனபோது உறவினர் எல்லோரும் மூலம் என்றார்கள். எட்டு மாதம் மூலத்துக்கே மருந்து சாப்பிட்டார். பெருங்குடல் புற்று என்று தெரிந்தபோது கல்லீரல்வரை பரவியிருந்தது. ஃப்ளோரோயுராசிலும் ஆக்சாலிபிளாட்டினும் கொடுத்தார்கள். ஆக்சாலிபிளாட்டின் நரம்புகளைத் தாக்கும். குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல்களில் மின்சாரம் பாய்வதுபோல் இருக்கும். பெரியம்மா அவருக்குக் குடிநீரையும் வெதுவெதுப்பாகவே கொடுத்தார். நாற்பது ஆண்டுகள் இழையின் மென்மையை விரல்நுனியால் அறிந்தவருக்கு இழை அறுந்ததுகூடத் தெரியாமற்போனது.

"இந்த மருந்து உள்ள போயி என்னம்மா பண்ணுது?" என்று ஒருநாள் கேட்டார். ஆக்சாலிபிளாட்டின், தன் உறவான சிஸ்பிளாட்டினைப் போல டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் மட்டும் கொல்வதில்லை. ரைபோசோம் கட்டுமானத்தைக் குலைத்தே கொல்கிறது என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியிருந்தது. செல்லுக்குள் புரதம் செய்யும் பட்டறையைக் கட்டவிடாமல் செய்கிறது என்றேன். சற்று யோசித்துவிட்டு, "துணிய கிழிக்கல, தறிய பூட்ட விடமாட்டேங்குது, அதானே?" என்றார். நான் பின்னர் கருத்தரங்குகளில் சொன்ன எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை. அதன்பின் பதினோரு மாதம் இருந்தார்.

எந்த நோயாளியின் கட்டி ஆக்சாலிபிளாட்டினுக்குப் பணியும், யாருக்கு அது விரல்களை மட்டும் பறித்துக்கொண்டு பயனின்றிப் போகும் என்று சிகிச்சைக்கு முன்பே சொல்ல முடிந்தால், அது சிறிய செய்தியன்று. ரைபோசோம் புரதங்களின் நிலை அதற்கொரு குறிப்பைத் தருமா என்பதுதான் என் ஆய்வின் கேள்வி. பெருங்குடல் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் பி53 பழுதாகியே இருப்பதால் விடை ஒற்றை வரியில் வராது.

இளைய ஆய்வாளர்களுக்கு ஒன்று: கட்டித் திசுவில் அளக்கும்போது ஒரே ஒப்பீட்டு மரபணுவை நம்பாதீர்கள்; உங்கள் மாதிரிகளில் அது உண்மையிலேயே மாறாமல் இருக்கிறதா என்று முதலில் சோதித்துப்பாருங்கள். எல்லோருக்கும் ஒன்று: 2022இல் உலகில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது; 9 இலட்சம் பேர் இறந்தனர். தொடக்கத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலப்பழக்க மாற்றம், காரணம் தெரியாத இரத்தசோகை இவற்றுள் எது இருந்தாலும் வீட்டாரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். மூலம்தான் என்று யார் சொன்னாலும், பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.