அடிப்பலகையும் ஒரு கேள்வியும்



பர்மிங்ஹாமுக்கு வெளியே ஒரு கால்வாய்க் கரையில் எங்கள் படகு நிற்கிறது. 1930களில் நிலக்கரி சுமப்பதற்காகக் கட்டப்பட்ட மரப்படகு. பக்கங்கள் ஓக், அடிப்பலகைகள் எல்ம். எழுபதடி நீளம் இருந்ததை எவரோ வெட்டி நாற்பதடியாக்கிவிட்டனர். அகலம் மட்டும் அதே ஏழடி.

கடலோர ஊரில் பிறந்த எங்களுக்குப் படகு புதிதன்று. தோணியின் பலகை இடுக்குகளில் பஞ்சை அடைத்துக் கீல் பூசுவதை எங்கள் பாட்டனார் கலப்பத்து என்பார்கள். அதே வேலையை இங்கே ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர் செய்துகொண்டிருப்பதைக் கண்ட அன்றே ஆசை பிறந்துவிட்டது. அவரிடமே படகை வாங்கினோம். வாங்குவது எளிதாக இருந்தது. காப்பீடு எடுப்பதுதான் அரிதாயிற்று.

காப்பீடின்றிப் படகுக்கு உரிமம் கிடையாது. இக்கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட், குறைந்தது 20 லட்சம் பவுண்டுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கேட்கிறது. இணையப் படிவங்களில் எஃகு என்று தெரிவு செய்தால் அடுத்த பக்கம் திறக்கும். மரம் என்றால் ‘வருந்துகிறோம்’ என்று வரும். தொலைபேசியில் "மரமா?" என்ற கேள்விக்குப் பின் ஒரு நீண்ட மௌனம். ஒரு நிறுவனம் முழுக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 610 பவுண்டு கேட்டது. அதற்கு முன் படகைக் கரையேற்றி நிபுணரின் ஆய்வறிக்கை பெறவேண்டும், அதற்குத் தனியே 900 பவுண்டு. இன்னொரு நிறுவனம் ஆய்வே வேண்டாமென்று 240 பவுண்டுக்கு முன்வந்தது. ஒரு கேள்வித்தாளை நிரப்பினால் போதும்.

அதில் ஒரு கேள்வி: ‘தங்களுக்குத் தெரிந்த பழுது ஏதும் உண்டா?’

உண்டு. முந்தைய வாரம் அந்தப் பெரியவர் உள்ளிருந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது, பின்புறத்து அடிப்பலகை ஒன்றின் ஓசை மங்கியிருந்தது. ஊசிமுனையை வைத்து அழுத்தினார். அரை அங்குலம் இறங்கிற்று.

"நீருக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? இல்லை என்று எழுதுங்கள்" என்றார் பள்ளிவாசலில் ஒரு நண்பர். அன்றிரவு நாங்கள் இருவரும் படிவத்தை நடுவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டறிந்த நிகழ்வு எங்களை விடவில்லை. 2012ஆம் ஆண்டுச் சட்டமும் நினைவில் இருந்தது: அறிந்தே பொய்யுரைத்தால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். ‘உண்டு’ என்று எழுதினோம். இறையச்சமா, சட்ட அச்சமா என்று எவரேனும் கேட்டால், அன்று இரண்டும் கலந்தே இருந்தன என்பதே உண்மை.

மூன்றாம் நாள் மறுப்புக் கடிதம் வந்தது.

இதற்கிடையே ஓர் ஆலிமிடமும் கேட்டிருந்தோம். 1985இல் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹ் அகாடமி வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. கூட்டுறவு முறையையே ஏற்றது. படகுக்குத் தகாஃபுல் தேடினோம்; எங்களுக்குக் கிடைக்கவில்லை. "சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆலிம். முழுக் காப்பீடு மறுக்கப்பட்டபோது மனத்தில் ஒரு நிம்மதி எழுந்தது. அதைப் பேணுதல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாயிருந்தது; கிடைக்காததைத் துறப்பதில் என்ன பேணுதல்?

இறுதியில் பழைய படகுகளை அறிந்த தரகர் ஒருவர் வழியாக மூன்றாம் நபர் காப்பீடு 145 பவுண்டுக்குக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பலகையின் பழுதும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதத்துக்குள் மாற்றவேண்டும் என்பது நிபந்தனை. இத்தகைய காப்பீடு எடுப்போர் ஒன்றைக் கேட்டறிவது நல்லது. படகு மூழ்கினால் டிரஸ்ட் அதை அகற்றிவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம். அச்செலவை எல்லாக் காப்பீடும் ஏற்பதில்லை. எங்களுடையது ஏற்கும் என்பதை எழுத்தில் வாங்கிய பின்பே கையொப்பமிட்டோம்.

படகே மூழ்கினால் எங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டுக்குக் கேட்ட 610இல் மீந்த 465 பவுண்டைப் பலகைக்கென எடுத்து வைத்திருக்கிறோம். 1970களின் நோயில் இந்நாட்டு எல்ம் மரங்கள் கோடிக்கணக்கில் பட்டுப்போனதால் நல்ல எல்ம் பலகை அரிது. ஓக் போதும் என்கிறார் பெரியவர். உலர்துறையில் இடம் துல்கஃதாவில்தான் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ். அதுவரை நாள்தோறும் மஃரிபுக்குப் பின் எங்களில் ஒருவர் சென்று உள்ளே கசிந்த நீரை இறைத்துவிட்டு, எத்தனை வாளி என்று குறித்து வைக்கிறோம். நேற்று மூன்று.