நான் படித்த பலகையும் அம்மா படித்த மரமும்

மலருக்கு ஒரு கட்டுரை தா என்று மாணவர் பேரவை நண்பர்கள் கேட்டபோது, "எனக்குக் கட்டுரையெல்லாம் வராதுப்பா, வேணும்னா ஒரு பிளான் வரைஞ்சு தாரேன்" என்றுதான் சொன்னேன். சிவில் இரண்டாம் ஆண்டுக்காரனுக்கு ஸ்கேலும் பென்சிலும் வருகிற அளவுக்குப் பேனா வராது. ஆனாலும் சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒன்று மனசுக்குள்ளேயே கிடக்கிறது. அதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளைக்குப் போகிறார். அம்மா நடவு, களையெடுப்பு இருந்தால் வயலுக்குப் போவாள். இல்லாவிட்டால் சித்தாள் வேலைக்குப் போவாள். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அதையும் நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஸ்லேட்டில் எழுதிக் காட்டித்தான் பழகினாள்.

விடுமுறையில் சும்மா இருக்க வேண்டாமே என்று ஒரு சர்வேயரிடம் பதினைந்து நாள் கூலிக்குப் போனேன். ஸ்டாஃப் பிடிப்பது, டேப் இழுப்பது, அளவைக் குறித்துக் கொடுப்பது, இவைதான் என் வேலை. 2019 நவம்பர் 22ஆம் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனதும் ஊர் பெருக்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தெரியும். நேற்றுவரை நாற்று நின்ற இடத்தில் இன்று வரிசையாகக் கல் நிற்கும். மஞ்சள் பெயின்ட் அடித்த கல்.

முதல் வாரக் கூலியை அம்மா கையில் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கினாள். "எந்த இடத்துலய்யா வேலை?" என்று கேட்டாள். சொன்னேன். குளத்துக்குக் கீழே, ஓடையை ஒட்டிய வயல். அம்மா ஒன்றும் பேசவில்லை. ரூபாயைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெகுநேரம் அடுப்படியிலேயே இருந்தாள். அப்புறம்தான் சொன்னாள், "நீ வயித்துல இருக்கும்போது அந்த வயல்லதாம்யா நாத்து நட்டேன். ஓடைக்கரையில நாலு மருத மரம் நிக்கும்லா, அதுக்க நிழல்லதான் கஞ்சி குடிப்போம்."

நான் அந்த நாலு மரத்தையும் அளந்திருந்தேன். என் நோட்டில் அவை மருதம் அல்ல. 'மரம் 1, மரம் 2, மரம் 3, மரம் 4.' அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா திடீரென்று, "என்னைய அந்தப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்று கேட்டாள். குற்றாலம் ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறை அமைத்த சுற்றுச்சூழல் பூங்கா. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே வேலை நடந்திருக்கிறது. அம்மா மாதக்கணக்கில் மண்ணும் கல்லும் சுமந்திருக்கிறாள். "வேலை முடிஞ்ச பொறவு நான் உள்ள போனதே இல்லலே" என்றாள். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

சாரல் தொடங்கியிருந்த நேரம். இந்தச் சாரல் நமக்குக் கிடைத்த வரம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைவதால்தான், மற்ற ஊர்கள் காய்கிற ஜூன், ஜூலையில் குற்றாலத்துக்கு மட்டும் சீசன் வருகிறது. ஐந்தருவிக்குப் போகிற கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்கினோம். எல்லோரும் துண்டும் எண்ணெயுமாக அருவிக்கு நடக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குள் போனோம். "நான் கல்லு போட்ட இடத்துக்கு எனக்கே டிக்கெட்டா?" என்று அம்மா சிரித்தாள்.

ஏறக்குறைய 37 ஏக்கர். மலைச்சரிவு, நடுவே ஓடை, மேலும் கீழுமாகப் பாதை. வகுப்பில் சமஉயரக் கோடு வரையும்போது எனக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது. அன்றைக்கு அந்தப் பாதையில் நடந்தபோதுதான் புரிந்தது. பாதை சரிவை எதிர்த்து ஏறாமல், சரிவோடு சமாதானம் பேசிக்கொண்டே ஏறுகிறது.

எங்கே பெயர்ப்பலகை இருந்ததோ அங்கே நின்று நான் சத்தமாகப் படித்தேன். படித்தவன் அல்லவா! பலகை இல்லாத இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவுக்குப் பலகையே தேவைப்படவில்லை. பட்டையைத் தடவிப் பார்ப்பாள், உதிர்ந்த இலையை எடுத்துக் கசக்கி மோந்து பார்ப்பாள், சொல்லிவிடுவாள். இது புங்கு, இது இலுப்பை, இது நாவல், இது வாகை. "இந்தா, இது மருது. வெளுத்த பட்டையப் பாரு. இது நிக்கிற இடத்துல தண்ணி எப்பமும் வரும், இன்னைக்கு இல்லாட்டாலும் நாளைக்கு வரும்." நீர்மருதுக்குத் தாவரவியலில் டெர்மினாலியா அர்ஜுனா என்று பெயர் என்பதைப் பிறகு நூலகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆனால் அது தண்ணீரின் பாதையைக் காட்டும் அடையாளக் கல் என்று அம்மாதான் சொன்னாள்.

ஜாதிக்காயைப் பற்றிப் பேச்சு வந்தது. "உனக்குக் கைப்பிள்ளையில உரைமருந்துல உரசிக் குடுத்தது" என்றாள் அம்மா. ஜாதிக்காயும் கிராம்பும் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுவிட்டார்கள். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இங்கே வந்து செடிகொடிகளைச் சேகரித்திருக்கிறார். இந்தியத் தாவரங்களைப் பற்றி 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ஆறு தொகுதிகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவருக்காகச் செடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்தியர்கள். புத்தகம் வைட் பெயரில்தான் நிற்கிறது. ஆனாலும் அவர் ஓர் ஆர்க்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரை வைத்தார் என்று படித்தபோது என் மனசு கொஞ்சம் ஆறியது. சித்தாள் பெயரை எந்தத் திறப்புவிழாக் கல்லில் வெட்டுகிறார்கள்?

அம்மா ஓரிடத்தில் நின்றாள். பாதை அங்கே ஒரு மரத்தைச் சுற்றி வளைந்து போகிறது.

"இதக் காட்டத்தான் உன்னையக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். "மேஸ்திரி அன்னைக்குக் கயிறு புடிச்சாரு. கயிறு நேரா இந்த மரத்துல போய் முட்டிச்சு. வெட்டிருவாங்கன்னு நினைச்சேன். அவரு மரத்தை ஒரு சுத்து பாத்தாரு. பொறவு கயித்த வளைச்சுக் கட்டுனாரு. அவ்வளவுதாம்லே. ரெண்டு சட்டி மண்ணு கூட ஆச்சு, நான்தான் சுமந்தேன்."

நான் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா மெதுவாகச் சொன்னாள், "நீ படிக்கணும். கல்லு ஊணுத வேலையும் ஒருத்தன் செய்யத்தான் வேணும், குத்தம் சொல்லல. ஆனா கயித்த வளைச்சுக் கட்டலாம்னு உனக்குத் தெரியணும்யா."

அதற்கு மேல் அவள் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது குற்றாலநாதர் கோயிலுக்குப் போனோம். அங்கே குறும்பலாதான் தலவிருட்சம். திருஞானசம்பந்தர் குறும்பலாவுக்கென்றே தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். அம்மா கும்பிட்ட நேரம் எனக்கு அந்த நாலு மருதமரமும் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை சர்வேயரிடம் பேசினேன். வார்த்தை சரியாக வரவில்லை. அதனால் எனக்கு வந்ததைச் செய்தேன், ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. அந்தப் பொது இடத்தை ஒன்றுக்கும் உதவாத முக்கோண மூலையில் ஒதுக்குவதாகப் பேச்சு நடந்தது. அதை ஓடைக்கரைக்கு மாற்றினால் நாலு மரமும் நிற்கும், மழைத் தண்ணீருக்கும் வழி கிடைக்கும், விற்கிற மனை அளவும் அதிகம் குறையாது. இதுதான் என் தாளில் இருந்தது. மரம் 1, மரம் 2 என்று போடாமல் 'மருதம்' என்று நாலு இடத்திலும் எழுதியிருந்தேன்.

அவர் சிரித்தார். "படிக்கிற பையன் பேச்சு" என்றார். "முடிவு பண்றது நானில்ல தம்பி, இடத்துக்காரங்க" என்றார். ஆனால் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்லூரி திறந்துவிட்டது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். கல் இன்னும் ஊன்றவில்லை. இதை எழுதுகிற இன்று காலையில் நாலு மரமும் நின்றன. நாளைக்கு நிற்குமா, தெரியவில்லை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியே போனதும் யாரோ ஒருவருடைய நிலத்தில் நாமும் கயிறு பிடிக்கத்தான் போகிறோம். அன்றைக்குக் கயிறு போய் எதில் முட்டுகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். என்னவென்று தெரியாவிட்டால் அங்கே மண் சுமக்கிற அக்காவிடம் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

சீசனுக்குக் குற்றாலம் போனால், அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு அந்தப் பூங்காவுக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பாதை எங்கே வளைகிறதோ அங்கே கொஞ்சம் நில்லுங்கள். அதில் ரெண்டு சட்டி மண் எங்கள் அம்மா சுமந்தது.