பாதியில் நின்ற முள்

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தக்காளி போடும் அந்த விவசாயியிடம் 25 வருடத்துப் பழைய டீசல் பிக்கப் வண்டி இருக்கிறது. அதன் டீசல் மீட்டர் முள் ஏழெட்டு வருடமாகப் பாதி டேங்கிலேயே நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. டேங்க் நிரப்பும் அன்று கிலோமீட்டரைச் சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். 300 கிலோமீட்டர் ஓடியதும் பங்கில் போய் நிற்பார். 'அந்த முள்ளைச் சரி பண்ணிடுங்க' என்று வீட்டில் சொன்னபோதெல்லாம், 'எனக்குக் கணக்கு தெரியும்' என்பார்.

ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். பறித்த தக்காளி, பெட்டி 14 கிலோ வீதம் 40 பெட்டி வாசலில் இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த மகன் வண்டியை எடுத்தான். சாவி போட்டதும் மீட்டரைப் பார்த்தான். பாதி காட்டியது. போதும் என்று கிளம்பினான். மார்க்கெட்டுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி குலுங்கி நின்றது.

டீசல் வண்டி, தீர்ந்து நின்றால் ஊற்றியவுடன் கிளம்பாது. குழாயில் காற்று புகுந்துவிடும். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியாது. மெக்கானிக் வந்து கிளப்பி, மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏலம் ஓய்ந்திருந்தது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தான். பறிப்புக் கூலிக்குத்தான் சரியாக இருந்தது.

"பார்த்து ஓட்ட மாட்டியா?" என்று கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

"பார்த்துத்தான்பா எடுத்தேன். பாதி காட்டுச்சே."

அவரிடம் பதில் இல்லை. முள் பொய் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டதும் அப்பாவும் மகனும் வண்டியடியில் உட்கார்ந்தார்கள். டேங்க்குக்குள் மிதவை ஒன்று இருக்கும். டீசல் ஏற இறங்க அதன் கைக்கம்பி, காயில் மேல் நகரும். அதற்கேற்ப மின்தடை மாற, முள் நகரும். மெக்கானிக்குகள் இதை டேங்க் யூனிட் என்பார்கள்.

புது மீட்டர் வாங்கும் முன், கோளாறு எங்கே என்று பார்த்தார்கள். யூனிட்டிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றி, சாவி போட்டார்கள். முள் ஒரு கோடிக்குப் போனது. அதே ஒயரைப் பாடியில் சில நொடி தொட்டார்கள். மறு கோடிக்கு நகர்ந்தது. எந்தக் கோடி என்பது வண்டிக்கு வண்டி மாறும். பழைய மீட்டர்களில் முள் மெதுவாகத்தான் நகரும், அவசரப்படக் கூடாது. இரண்டு பக்கமும் நகர்ந்தால் மீட்டரும் ஒயரும் நல்லது. கோளாறு யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது.

யூனிட்டின் மூடியிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தனி ஒயர் கொடுத்துப் பார்த்தார்கள். முள் மறுபடி பாதியிலேயே நின்றது. எர்த் இல்லை, யூனிட்தான்.

பேட்டரி நெகடிவைக் கழற்றினார்கள். அவர் பீடிக்கட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தார். டேங்க்கை இறக்கி, மேலே இருந்த மண்ணைத் துடைத்த பிறகே ஸ்க்ரூக்களைக் கழற்றினார்கள். இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். வெளியே எடுத்த யூனிட்டில் கைக்கம்பி துருப்பிடித்து, நடுவில் இறுகியிருந்தது. டீசலில் ஊறவைத்து, சின்ன பிரஷ்ஷால் தேய்த்ததும் அசைந்தது. மல்டிமீட்டரை வைத்துக் கம்பியை மெதுவாக நகர்த்தினார்கள். எண் எங்கும் குதிக்காமல் சீராக மாறியது. காயில் நல்லது என்று அர்த்தம். பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே சத்தம். ஊசித் துளை வழியே டீசல் புகுந்திருந்தது. இப்படி இருந்தால் முள் எப்போதும் குறைத்தே காட்டும். ஈயம் வைத்து அடைக்கலாம் என்று மகன் சொன்னான். "வேண்டாம், உள்ளே ஆவி இருந்தா சூடு பட்டதும் வெடிக்கும்" என்று அப்பா புது மிதவையே வாங்கிப் போட்டார். பழைய பேக்கிங்கையும் மாற்றினார்கள்.

டேங்க்கை மாட்டிய பிறகு ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றினார்கள். ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தை மகன் ஒரு தாளில் குறித்தான். அந்தத் தாளை மீட்டருக்குக் கீழே ஒட்டினான். இனி யார் ஓட்டினாலும் தெரியும்.

அன்று சாயங்காலம் அப்பா அந்தச் சின்ன நோட்டை எடுத்து வந்து மகனிடம் நீட்டினார். "எழுதிக்கோ கண்ணு. எனக்கு மட்டும் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன்."

மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் தோள்பட்டைப் பக்கம் கசிவு. ஆட்டுப்பட்டிக் கதவின் கீழ்க் கொண்டி பிடிக்காது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி சில நாள் ஷாக் அடிக்கும்.

மகனின் கை நின்றது. "ஷாக்கா? அம்மாதானேப்பா தினமும் மோட்டார் போடறாங்க?"

"நான் காஞ்ச குச்சியாலதான் அமுக்குவேன்" என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய் மெயினை ஆஃப் செய்துவிட்டு வந்து, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.