விசை

மூன்று வருஷங்கள் நான் ஒரு சிறிய கைத்துப்பாக்கியைக் கால்சட்டையின் வலது பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஹூஸ்டனில், 2019-லிருந்து 2022 முடியும்வரை. கவிதை எழுதுகிறவன் இதைச் சொல்வதில் ஒரு கூச்சம் இருக்கிறது. நண்பர்களுக்கு மழை, வேலை, படித்த புத்தகம் என்று என்னென்னவோ எழுதினேன். பையில் கிடந்ததை மட்டும் எழுதவில்லை. அந்தக் கடிதங்கள் எல்லாமே கொஞ்சம் பொய்தான்.

வாங்கிய காரணம் மிகச் சாதாரணம். இரவு பதினொரு மணிக்கு நான் குடியிருந்த கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்கியபோது இருவர் வந்து, துப்பாக்கியைக் காட்டி, பர்சையும் போனையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒருவன் போகும்போது 'நன்றி' என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அடுத்த மாதம் உரிம வகுப்பில் சேர்ந்தேன். டெக்ஸஸில் தேர்வு ஒன்றும் கடினமில்லை: ஐம்பது குண்டுகள், 3, 7, 15 கஜத் தூரங்களில், 250-க்கு 175 எடுத்தால் போதும். (2021 செப்டம்பருக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமமே தேவையில்லை என்று ஆகிவிட்டது.) இரவல் வாங்கிய பெரிய துப்பாக்கியில் சுட்டுத் தேறினேன். என்னைப் பற்றி எனக்கு ஒரு நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டது.

சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்து எடுத்துப்போகிற சின்னத் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அந்த அபிப்பிராயம் போய்விட்டது. ஏழு கஜத்தில் காகிதத்தின் மேல்மூலையில் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, காகிதத்திலேயே படாமல் ஒன்று. வகுப்பெடுத்தவர் ஓய்வு பெற்ற போலீஸ்காரர். என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். "கண்ணில் கோளாறு இல்லை, ட்ரிக்கரில் இருக்கிறது" என்றார். அன்றிலிருந்து அந்த வளைந்த சிறு இரும்புத் துண்டு என் புத்தியைப் பிடித்துக்கொண்டது.

தமிழில் ட்ரிக்கரையும் விசை என்கிறோம், அதை இழுக்கத் தேவைப்படும் பலத்தையும் விசை என்கிறோம். இயந்திரத்துக்கும் அதன்மேல் நான் செலுத்துவதற்கும் ஒரே சொல். துப்பாக்கியின் பின்னால் போய் விழுந்து அடிக்கும் உறுப்புக்குக் குதிரை என்று பெயர். வீணையில் தந்திகளைத் தாங்கும் கட்டைக்கும் அதே பெயர். நம் மொழியில் இந்த விஷயத்துக்குச் சொற்கள் கொஞ்சம்தான். ஆனால் இருப்பவை மோசமில்லை.

ட்ரிக்கரின் ஒரே ஒரு இழுப்பில் எத்தனை கட்டங்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முதலில் தொய்வு: எதிர்ப்பே இல்லாமல் விரல் பின்னால் போகும். பிறகு சுவர்: அங்கே தடுக்கும். பிறகு முறிவு: சுவர் சட்டென்று இல்லாமல் போகும், குதிரை விழும். விரலை முன்னால் விடும்போது ஓரிடத்தில் 'க்ளிக்' என்று மறுபடி எல்லாம் பொருந்தும். அதற்கு நான் மீட்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன், நம்மில் சிலருக்கு அது வேறொன்றையும் ஞாபகப்படுத்தும். நல்ல ட்ரிக்கர் என்றால் தொய்வு குறைவு, சுவர் தெளிவு, முறிவு திடீர். கெட்ட ட்ரிக்கர் மணலில் இழுபடுகிற மாதிரி நறநறவென்று வரும். எப்போது முறியும் என்று சொல்ல முடியாது.

என்னுடையது கெட்டது என்று சொல்ல மாட்டேன். கனமானது. குண்டு நிரப்பியபோது அந்தத் துப்பாக்கியின் மொத்த எடை முக்கால் பவுண்டு; ட்ரிக்கரை இழுக்க எட்டு பவுண்டு. முக்கால் பவுண்டு பொருளைக் கொஞ்சமும் அசைக்காமல் அதன்மேல் எட்டு பவுண்டைச் செலுத்த வேண்டும், அதுவும் ஒற்றை விரலால், அரை அங்குலத்துக்கு மேற்பட்ட தூரத்துக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே நான்கே அங்குலம். முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால் ஏழு மீட்டர் தள்ளிக் குண்டு ஏழு சென்டிமீட்டர் விலகி விழும். பெரிய துப்பாக்கி தன் எடையாலேயே கையின் தவறுகளை மன்னித்துவிடுகிறது. சின்னது எதையும் மன்னிப்பதில்லை.

இந்தக் கனம் கஞ்சத்தனத்தால் வந்ததல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1908-இல் கோல்ட் கம்பெனி அமெரிக்காவில் விற்ற 'வெஸ்ட் பாக்கெட்' ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் முன்கூட்டியே எல்லாம் இழுத்து வைக்கப்பட்டிருக்கும். ட்ரிக்கர் அதை விடுவிக்க மட்டும் செய்யும். ஆகவே கட்டை விரலுக்கு ஒரு தடை, பிடியில் இன்னொரு தடை. பிற்காலத்துப் பைத்துப்பாக்கிகள் பலவற்றில் இந்தத் தடைகள் இல்லை. ட்ரிக்கரே குதிரையைப் பின்னால் இழுத்து, ட்ரிக்கரே அதை விழச்செய்யும். அந்த நீளமும் கனமும்தான் தடை. எடுத்த பதற்றத்தில் எந்தப் பொத்தானையும் தேட வேண்டியதில்லை என்பது வாதம். பிறகு ரசனை மாறியது. ரூகர் 2008-இல் கொண்டுவந்த எல்.சி.பி.யின் நீண்ட இழுப்பு, 2016-இல் வந்த இரண்டாம் மாதிரியில் குறுகிவிட்டது. 2018-இல் வந்த சிக் பி365-க்குப் பிறகு, சின்னதும் பெரிய துப்பாக்கியின் ட்ரிக்கரோடு வரவேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நானும்தான்.

ஒரு விஷயம் யோசித்திருக்கிறேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது ஒரு பிரௌனிங். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா. இவற்றின் ட்ரிக்கர் எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, கேட்க அவசியமில்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே அங்கே இழுப்பு முடிந்துவிட்டது. எத்தனை பவுண்டு என்பது தீர்மானிக்காதவனுடைய கேள்வி. ஒருநாளும் சுட வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே தினமும் பையில் வைத்துக்கொண்டு போகிறவனுடைய கேள்வி.

நியூயார்க் போலீஸ் ரிவால்வரிலிருந்து கிளாக்குக்கு மாறியபோது ட்ரிக்கரைப் பன்னிரண்டு பவுண்டுக்கு ஏற்றினார்கள். வழக்கமாக அது ஐந்தரையை ஒட்டி இருக்கும். தவறிச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. 2012 ஆகஸ்ட் 24 அன்று எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே, சற்றுமுன் ஒருவரைக் கொன்றுவிட்டு வந்த ஆள்மேல் இரண்டு போலீஸ்காரர்கள் சில அடி தூரத்திலிருந்து பதினாறு குண்டுகள் சுட்டார்கள். அவன் செத்தான். வழியில் போன ஒன்பது பேரும் காயப்பட்டார்கள், எல்லாரும் போலீஸ் குண்டுகளாலும் அவற்றின் சிதறல்களாலும். காரணம் பன்னிரண்டு பவுண்டுதான் என்று அப்போது பலர் எழுதினார்கள். நான் இருந்த துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் இதைச் சொல்லாத ஆளில்லை.

அவர்கள் அதிகம் சொல்லாதது மற்றொன்று. 2014 நவம்பர் 20, புரூக்ளினில் ஒரு குடியிருப்பின் இருட்டு மாடிப்படி. பீட்டர் லியாங் என்ற புது போலீஸ்காரர் உருவிய துப்பாக்கியோடு நுழைகிறார். ஏதோ சத்தம். துப்பாக்கி வெடிக்கிறது. குண்டு சுவரில் பட்டுத் தெறித்து, கீழே படியிறங்கிக்கொண்டிருந்த அகாய் கர்லி என்ற இருபத்தெட்டு வயது மனிதரின் உயிரை எடுக்கிறது. தன்னறியாமல் வெடித்தது என்றார் லியாங். 2016 பிப்ரவரியில் ஜூரிகள் அந்தத் துப்பாக்கியைக் கேட்டு வாங்கி, தாங்களே ட்ரிக்கரை இழுத்துப் பார்த்தார்கள். இழுக்க மிகவும் கடினமாக இருந்தது என்று ஒருவர் பிறகு பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். குற்றவாளி என்று தீர்ப்பு. நீதிபதி பின்னால் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார், சிறையும் விதிக்கவில்லை. அது வேறு. தங்கள் சொந்த விரலில், நீதிமன்றத்தின் அமைதியில், பயமில்லாமல் இழுத்துப் பார்த்து இன்னொருவனின் பிரக்ஞையை அவர்கள் அளந்ததை என்னால் மறக்க முடியவில்லை. பயத்தில் ஒருவனின் விரலுக்குப் பன்னிரண்டு பவுண்டு எவ்வளவு?

இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. 2022-இல் எனக்கு வேண்டியிருந்தது நல்ல ட்ரிக்கர் மட்டும். மாலைகளில் காலித் துப்பாக்கியில் பொய்த்தோட்டாவைப் போட்டு, சுவரில் ஒட்டிய பொட்டைப் பார்த்து நூறு தடவை இழுப்பேன். "அந்த டிக் டிக்கை நிறுத்துங்க, பூரான் ஓடற மாதிரி இருக்கு" என்பாள் என் மனைவி. பூரான் ஓடினால் எங்கே சத்தம் வரும் என்று நான் விவாதம் பண்ணினேன். கடைசியில் இளக்கமான ஸ்பிரிங் ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். இரண்டு பவுண்டாவது குறையும். ஸ்பிரிங்கை இளக்கினால் குதிரை அடிக்கும் பலமும் குறையும், சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகலாம். அதையும் ஏற்றுக்கொண்டேன். உறை மேஜைமேல் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமை மாற்றலாம் என்று.

அது டிசம்பர், வியாழன் இரவு. அதே கார் நிறுத்துமிடம். இஞ்சினை அணைத்துவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலில் யாரோ பலமாகத் தட்டினார்கள். முக்காடிட்ட தலை, முகம் தெரியவில்லை, ஒரு கை கீழே மறைந்திருக்கிறது. அடுத்து எனக்குத் தெரிவது முகம் குனிந்ததுதான். பதினாறு வயதிருக்கும், மூன்றாம் மாடிப் பையன். "சார், அம்மா கார் பேட்டரி செத்துப்போச்சு, கேபிள் இருக்கா?" மறைந்திருந்த கையில் டார்ச்.

இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே பார்த்தேன்: மடியில் கிடந்த பைக்கு அடியில் துப்பாக்கி கதவைப் பார்த்தபடி என் கையில் இருந்தது. உறையிலிருந்து எடுத்தது எப்போது என்று தெரியாது. தீர்மானிக்கும்வரை விரல் வெளியே இருக்கவேண்டும் என்று ஆயிரம் தடவை பழகிய விரல் உள்ளே இருந்தது. தொய்வு முழுவதும் போய், சுவரையும் தாண்டி, குதிரை பாதி தூரம் பின்னால் வந்திருந்தது. மூன்று வருஷப் பழக்கத்தில் அந்தப் பாதியை விரல் நுனியால் எனக்கு நன்றாகத் தெரியும்.

இழுப்பதற்குத்தான் பயிற்சி. பாதி இழுத்ததைத் திருப்பி விடுவதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. பையன் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு காத்திருந்தான். அவனிடம் ஏதோ பேட்டரியைப் பற்றிப் பேசிக்கொண்டே, கொஞ்சம் கொஞ்சமாக விரலை முன்னால் விட்டேன். எட்டு பவுண்டும் ஒவ்வொன்றாக விரலைவிட்டு இறங்கின. பிறகு கேபிளை எடுத்துக்கொண்டு போய், அவன் அம்மாவின் கார் கிளம்பும்வரை நின்றேன். அந்த அம்மாள் ஒரு டப்பாவில் கேக் கொடுத்தாள்.

சனிக்கிழமை துப்பாக்கியை வாங்கிய கடைக்கே எடுத்துப்போனேன். காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் தரையைப் பார்த்துக் குறி வைத்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். ட்ரிக்கர் ரொம்பக் கனம், இந்த மாதிரிக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை என்று சொல்லி, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்டார். நான் பேரம் பேசவில்லை.